சாலட் பார் உள்ள ஸ்டீக் ஹவுஸுக்கு முதல்முறை போகிறீர்களா?

அமெரிக்காவில் ஸ்டீக்கோடு (தடிமனாக வெட்டிச் சுட்ட மாட்டிறைச்சித் துண்டு) சாலட் பாரும் (வேண்டியதை நாமே எடுத்துக்கொள்ளும் சாலட் வரிசை) வைத்திருக்கும் பழைய கடைகளில் ஒன்று சிஸ்லர். 1958-இல் கலிஃபோர்னியாவின் கல்வர் சிட்டியில் தொடங்கியது. அந்த மாதிரிக் கடையை வைத்தே எழுதுகிறேன்.

1. கவுன்டர்

உள்ளே போனதும் மேசை தேடி உட்கார வேண்டாம். சிஸ்லரில் முதலில் கவுன்டரில் ஆர்டர் சொல்லிப் பணம் கட்ட வேண்டும், ஸ்டீக் மேசைக்கு வரும். ஸ்டீக்கோடு சாலட் பாரும் வேண்டுமா, சாலட் பார் மட்டும் போதுமா என்பதை அங்கேயே சொல்லிவிடுங்கள். சாலட் பார் தலைக்கு இத்தனை என்று கணக்கு. ஒருவர் வாங்கி நாலு பேர் பங்கு போட முடியாது.

2. எந்தத் துண்டு

சிர்லாயின் (மாட்டின் பின்முதுகுத் துண்டு)தான் விலை குறைவு. கொழுப்பும் குறைவு, அதனால் அதிகம் வேகவைத்தால் வறண்டுவிடும். ரிப்-ஐயில் (விலாப் பகுதித் துண்டு) கொழுப்பு உள்ளே வரிவரியாக ஓடும். என்னைக் கேட்டால் முதல் ஸ்டீக் ரிப்-ஐயாக இருக்கட்டும், பக்குவம் கொஞ்சம் தவறினாலும் அது தாங்கும். மெனுவில் 8 அவுன்ஸ் என்று இருந்தால் அது வேகும் முன் உள்ள எடை, சுமார் 227 கிராம். தட்டுக்கு வரும்போது கால்வாசி வரை குறைந்திருக்கும்.

3. பக்குவம் சொல்வது

பலரும் தடுமாறுவது இங்கேதான். சிவப்பைப் பார்த்துப் பயந்து ‘வெல் டன்’ என்று சொல்லிவிட்டு, பிறகு ரப்பர் மாதிரி இருக்கிறது என்று கடையைத் திட்டுவார்கள். நடுப்பகுதியின் வெப்பநிலை தோராயமாக இப்படி:

மீடியம் ரேர்: 130–135 டிகிரி ஃபாரன்ஹீட். நடுவில் இளஞ்சூடான சிவப்பு.
மீடியம்: 140–145. ரோஸ் நிறம்.
மீடியம் வெல்: 150–155. நடுவில் ஒரு கீற்று ரோஸ் மட்டும்.
வெல் டன்: 160-க்கு மேல். முழுக்கப் பழுப்பு.

சூடு ஏற ஏற இறைச்சியின் நார் சுருங்கித் தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளும், வறட்சிக்கு அதுதான் காரணம். தட்டில் வழியும் சிவப்பு நீர் ரத்தம் இல்லை. மயோகுளோபின் என்ற புரதம் கலந்த தண்ணீர் அது. அமெரிக்க வேளாண் துறை முழுத் துண்டு இறைச்சிக்குச் சொல்லும் அளவு 145 டிகிரி, அடுப்பிலிருந்து எடுத்த பின் 3 நிமிடம் ஆறவிடுவது. கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் மீடியம் வெல்லுக்குக் கீழே போக வேண்டாம். சிவப்பே கண்ணில் படக்கூடாது என்பவர்கள் வெல் டன் சொல்லுங்கள், தப்பில்லை. ஆனால் சிர்லாயினை விட்டுவிட்டு ரிப்-ஐ வாங்குங்கள்.

கடைக்குக் கடை ‘மீடியம்’ கொஞ்சம் மாறும். அதனால் பெயரோடு நிறத்தையும் சேர்த்தே சொல்வது நல்லது: “மீடியம், நடுவில் ரோஸ்.”

4. சாலட் பார்

ஸ்டீக் வருவதற்குள் வயிறு நிரம்பிவிடுவதுதான் இங்கே பெரிய ஆபத்து. பாஸ்தா சாலட், உருளைக்கிழங்கு சாலட், சூப், ரொட்டி எல்லாம் வரிசையில் நின்று கூப்பிடும். முதல் தட்டில் கீரை, தக்காளி, வெள்ளரி, பீட்ரூட், கொஞ்சம் கொண்டைக்கடலை போதும். மாவு ஐட்டமெல்லாம் ஸ்டீக்குக்கு அப்புறம்.

டிரெஸ்ஸிங்கை (சாலடுக்கான சாஸ்) கீரைமேல் ஊற்றாமல் ஓரத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுங்கள், இலை துவளாது. ராஞ்ச் என்ற வெள்ளை டிரெஸ்ஸிங் எல்லாருக்கும் பிடிக்கும். ஸ்டீக்கோடு சேர்வது ப்ளூ சீஸ் (நீலப் பூஞ்சை ஓடும் சீஸ்) டிரெஸ்ஸிங்தான், வாசனைக்குத் தயாராக இருங்கள்.

ஒவ்வொரு முறையும் புதுத் தட்டு எடுங்கள். எச்சில் தட்டோடு திரும்பிப் போகக்கூடாது என்பது அங்கே உணவுப் பாதுகாப்பு விதி. ஒரு கிண்ணத்தின் கரண்டியை இன்னொன்றில் போடாதீர்கள். குளிர்ந்திருக்க வேண்டிய முட்டை, சீஸ் வெதுவெதுப்பாக இருந்தால் தொடாதீர்கள், அவை 41 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் (5 டிகிரி செல்சியஸ்) இருக்க வேண்டும்.

5. ஸ்டீக் வந்ததும்

பரிமாறுபவர் நகர்வதற்குள் நட்ட நடுவில் ஒரு வெட்டுப் போட்டுப் பாருங்கள். ஓரம் எப்போதும் நன்றாக வெந்த மாதிரிதான் தெரியும். வேகாமல் இருந்தால் திரும்ப அடுப்பில் வைத்துத் தருவார்கள். அதிகம் வெந்திருந்தால் புதிதாகப் போட்டால்தான் உண்டு, அதையும் அப்போதே சொல்ல வேண்டும். பாதி தின்றபின் சொன்னால் எடுபடாது. நார் ஓடும் திசைக்குக் குறுக்கே வெட்டுங்கள், மெல்வது எளிது. முழுவதையும் முதலிலேயே துண்டு போட்டால் ஆறிவிடும்.

மீதியைப் பெட்டியில் கட்டிக்கொள்ளலாம், ஸ்டீக்கை மட்டும். சாலட் பார் உணவு வெளியே போகாது.

டிப்: மேசையில் ஆர்டர் எடுக்கும் கடையில் 18–20 சதவீதம். கவுன்டர் கடையில் அவ்வளவு எதிர்பார்ப்பு இல்லை. ஆனாலும் தட்டு எடுப்பவருக்குச் சில டாலர்கள் வையுங்கள்.

பின்சேர்க்கை: சைவக்காரர்கள் கூட வந்தால்

சாலட் பார் மட்டும் வாங்கினால் போதும் என்று நம்பிப் போனவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடங்களில்: சீசர் டிரெஸ்ஸிங்கில் நெத்திலி வகை மீன், பீன்ஸில் பேக்கன் (உப்பிட்ட பன்றி இறைச்சி), காய்கறி சூப்பில் கோழி ஸ்டாக் (எலும்பு வேகவைத்த சாறு), ஜெல்லோ என்ற ஜெல்லியில் விலங்கின் ஜெலட்டின். “மீட் இருக்கிறதா?” என்று பொதுவாகக் கேட்டால் ஸ்டாக்கைக் கணக்கில் எடுக்காமலே “இல்லை” என்று சொல்லிவிடுவார்கள். “சிக்கன் ஸ்டாக், பேக்கன், ஜெலட்டின் சேர்த்திருக்கிறதா?” என்று பெயர் சொல்லியே கேளுங்கள்.