மைக்ரோமீட்டரில் ஒளிந்திருக்கும் அரை மில்லி: குவாலிட்டி வேலைக்குத் தயாராவது எப்படி?

கங்கைகொண்டான் சிப்காட்டில் ஒரு கம்பெனிக்கு குவாலிட்டி இன்ஸ்பெக்டர் வேலை கேட்டுப் போயிருந்தேன். டிப்ளமோ மெக்கானிக்கலில் நல்ல மார்க். ஐஎஸ்ஓ 9001, மீன்முள் வரைபடம் என்று எல்லாவற்றையும் ஒப்பித்துப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெரியவர் இதில் ஒன்றையும் கேட்கவில்லை. ஒரு சின்னப் பின்னையும் 0–25 மி.மீ. அளக்கும் மைக்ரோமீட்டர் கருவியையும் என் பக்கம் நகர்த்தினார். அளந்து 7.28 என்றேன். வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அரை மில்லிய எங்க விட்டுட்டிய தம்பி?"

பின்னின் அளவு 7.78. வேலை கிடைக்கவில்லை. அடுத்த நேர்காணலுக்குள் இதை எப்படிச் சரிசெய்தேனோ அதை அப்படியே எழுதுகிறேன்.

படி 1: தப்பு எங்கிருந்து வருகிறது?

பள்ளியில் நாம் பிடித்த திருகு அளவியில் புரியிடைத் தூரம் 1 மி.மீ., தலைக்கோலில் 100 பிரிவு. அதில் அரை மில்லிக் கோடே கிடையாது. பட்டறை மைக்ரோமீட்டர் அப்படியல்ல. திம்பிளை, அதாவது கையால் சுற்றும் உருளையை, ஒரு சுற்று சுற்றினால் 0.5 மி.மீ.தான் நகரும், அதில் 50 பிரிவு. இரண்டிலும் மீச்சிற்றளவு 0.01 என்பதால் ஒரே கருவி என்று நினைத்துவிடுகிறோம். சுற்றாமல் நிற்கும் உருளையான ஸ்லீவில் நடுக்கோட்டுக்கு ஒரு பக்கம் முழு மில்லி, மறுபக்கம் அரை மில்லி. என் பின்னில் 7-க்குப் பிறகு அரைக்கோடும் வெளியே வந்திருந்தது. திம்பிள் 28. ஆக 7 + 0.5 + 0.28. நான் நடுவில் இருந்ததை விட்டுவிட்டேன்.

படி 2: சைக்கிள் கடைக்குப் போங்கள்

பழகுவதற்கு அளவு தெரிந்த பொருள் வேண்டும். சைக்கிள் கடை அண்ணாச்சியிடம் பால்ரஸ் குண்டு கேளுங்கள். பின் சக்கரத்துக்குப் போடுவது 1/4 அங்குலம், அதாவது 6.35 மி.மீ. முன் சக்கரத்துக்கு 3/16 அங்குலம், 4.76 மி.மீ. பழைய குண்டு தேய்ந்திருக்கும், புதிதாகவே வாங்குங்கள். முன் சக்கரக் குண்டை அளந்து 4.26 என்று வந்தால், நான் செய்த அதே தப்பு.

அளக்கும் முன் இரண்டு முகங்களையும் சுத்தமான தாளால் துடைத்து, மூடி, பூஜ்யம் பாருங்கள். மூடியதும் 0.03 காட்டினால் அளவிலிருந்து கழிக்க வேண்டும். பூஜ்யத்தைத் தாண்டி 48-இல் நின்றால் 0.02 கூட்ட வேண்டும். திம்பிளைப் பிடித்து இறுக்காதீர்கள். முனையில் இருக்கும் ராட்செட் திருகை மூன்று சொடுக்கு, அவ்வளவுதான். நேர்காணலில் இதையெல்லாம் வாயால் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்.

டிஜிட்டல் வெர்னியரில் ஆரம்பிக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. பேட்டரி போனால் கையும் போகும். 0.02 மி.மீ. சாதா வெர்னியர், 0.01 மி.மீ. மைக்ரோமீட்டர் இரண்டும் போதும். மிட்டுடோயோ பிராண்ட் வாங்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் படித்த பாலிடெக்னிக் லேபில் கேட்டுப் பாருங்கள்.

படி 3: டிராயிங்

25 எச்7 என்று துளைக்குப் போட்டிருந்தால் 25.000 முதல் 25.021 மி.மீ. வரை ஓகே. எச்7 என்பது டாலரன்ஸின், அதாவது அனுமதிக்கும் வித்தியாசத்தின், குறியீடு. அடுத்த கேள்வி நிச்சயம் வரும்: எதைக்கொண்டு அளப்பீர்கள்? மொத்த டாலரன்ஸே 0.021 என்னும்போது 0.02 வெர்னியர் எதற்கு ஆகும்? கோ–நோகோ பிளக் கேஜ் (ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது) அல்லது உள்விட்டம் அளக்கும் போர் டயல் கேஜ் என்று சொல்லுங்கள்.

படி 4: பயோடேட்டா

ஒரே பக்கம். தெரிந்த கருவி, அதன் ரேஞ்ச், மீச்சிற்றளவு. "கடின உழைப்பாளி" வேண்டாம். டிகிரி, டிப்ளமோ முடித்தவர்கள் மத்திய அரசின் நாட்ஸ் (தேசிய அப்ரன்டிஸ் பயிற்சித் திட்டம்) இணையதளத்தில் அப்ரன்டிஸாகப் பதிந்து வையுங்கள். அனுபவம் என்று எழுத அதுதான் நேர்வழி.

படி 5: என்டிடி கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன்

என்டிடி என்றால் பொருளைச் சேதப்படுத்தாமல் உள்ளே குறை இருக்கிறதா என்று சோதிப்பது. மகேந்திரகிரி இஸ்ரோ மையமும் கூடங்குளம் அணுமின் நிலையமும் பக்கத்தில் இருப்பதால் நம் ஊர்ப் பையன்களுக்கு இதில் ஆசை அதிகம். நல்ல வேலைதான். ஆனால் எஸ்என்டி-டிசி-1ஏ (என்டிடி ஆட்களுக்குச் சான்று தருவதற்கான அமெரிக்க வழிகாட்டி) முறையில் லெவல் 2 சான்று தருவது வேலை கொடுக்கும் நிறுவனம். பயிற்சி நிலையத்தின் அட்டை நீங்கள் பயிற்சி பெற்றதற்கும் தேர்வு எழுதியதற்கும் சாட்சி. கூடவே அனுபவ நேரமும் வேண்டும். பயிற்சி நிலையங்கள் இதைச் சொல்லாமல், அப்பா நகையை அடகு வைத்துக் கட்டும் பணத்தை வாங்கிப் போடுவது எனக்குப் பொறுக்கவில்லை. கண் பரிசோதனையும் உண்டு: கிட்டப்பார்வை ஆண்டுதோறும், நிறம் பிரித்தறிவதும் பார்ப்பார்கள். முதலில் கண்ணைக் காட்டிவிட்டு அப்புறம் ஃபீஸ் கட்டுங்கள்.

படி 6: கடைசிக் கேள்வி

"அவசரம், பாஸ் போடு என்று சூப்பர்வைசர் சொன்னால்?" என்னிடம் இரண்டு இடத்தில் கேட்டார்கள். பீஸுக்குச் சிவப்பு டேக், கண்ட அளவு ரிப்போர்ட்டில். டீவியேஷன், அதாவது அளவு தப்பிய பீஸை ஏற்கும் அனுமதி, கொடுக்க அதிகாரம் உள்ளவர் கையெழுத்துப் போட்டால் போகட்டும். அளவை நான் மாற்ற மாட்டேன். இப்படித்தான் சொன்னேன், இன்றும் இப்படித்தான் செய்கிறேன்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு வள்ளியூர்த் தம்பி ஒருவர் எழுதியிருந்தார்: அரைக்கோடு தெரிந்தது, கூட்டினேன், அப்படியும் தப்பு. திம்பிள் எவ்வளவு என்றேன். 48. அதுதான் விஷயம். திம்பிள் பூஜ்யத்தை நெருங்கும்போதே கோட்டின் விளிம்பு எட்டிப் பார்க்கும், ஆனால் இன்னும் தாண்டியிருக்காது. அவர் 7.98 என்று எழுதியது உண்மையில் 7.48. சந்தேகம் வந்தால் வெர்னியரில் ஒரு தடவை பிடித்துப் பாருங்கள். ஏழரையா எட்டா என்று உடனே தெரிந்துவிடும்.