பனி ரோட்டுக்கு இரண்டு டயர் மட்டும் மாற்றலாமா?

பள்ளிகளுக்குக் குளிர்கால விடுமுறை விட்டதும் டெல்லியில் இருக்கும் நம் ஆட்களுக்கு மணாலி ஆசை வந்துவிடும். போன டிசம்பரில் மயூர் விஹாரிலிருந்து என் மச்சினன் போன் செய்தான். "அத்தான், பனியில ஓட்டுற டயர் ரெண்டு கிடைச்சிருக்கு. நம்ம வண்டியை இழுக்குறது முன்சக்கரம்தானே? முன்னாடி ரெண்டு மட்டும் போட்டுக்கவா?"

வேண்டவே வேண்டாம் என்றேன். போட்டால் நான்கும் ஒரே மாதிரி போட வேண்டும், இல்லையென்றால் பழைய நான்கே இருக்கட்டும். ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று அவனுக்குப் புரியவைக்க அரை மணி நேரம் ஆனது.

மேட்டில் ஏறும்போது அவன் கணக்கு சரிதான். முன்சக்கரம் பனியைக் கவ்வி வண்டியை இழுத்துக்கொண்டு போய்விடும். ஆனால் ஏறிய வண்டி இறங்க வேண்டுமே. இறக்கத்தில் ஒரு வளைவு வருகிறது, பிரேக்கை மிதிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டியின் எடை முன்னால் சாய்கிறது. முன் டயர்கள் நன்றாகப் பிடிக்கின்றன. பின்பக்கமோ எடை குறைந்து லேசாகிவிட்டது, அங்கே இருப்பது குளிரில் இறுகிப்போன சாதாரண ரப்பர். முன்பக்கம் நிற்கப் பார்க்க, பின்பக்கம் வேகம் குறையாமல் பக்கவாட்டில் சுற்றிக்கொண்டு வரும். ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பிச் சமாளிக்கப் பழகியவர்கள் நம்மில் எத்தனை பேர்? அதற்குள் வண்டி குறுக்கே திரும்பியிருக்கும். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பியாஸ் ஆறு.

பின்னால் மட்டும் போட்டால்? அதுவும் ஆகாது. ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாமல் நேராகவே போகும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ், வண்டி சுழலாமல் பார்த்துக்கொள்ளும் ஈஎஸ்சி எல்லாம் இருக்கிறதே என்பார்கள். இருக்கும் பிடிமானத்தை அளவாகப் பயன்படுத்தத்தான் அவற்றால் முடியும். இல்லாத பிடிமானத்தை எந்த மின்னணுக் கருவியும் தராது.

இரண்டு வகை டயருக்கும் வித்தியாசம் ரப்பரிலேயே இருக்கிறது. சாதாரண டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே போனால் இறுகத் தொடங்கும். குளிர்கால டயரின் ரப்பர் அப்போதும் இளக்கமாக இருக்கும். அதன் பட்டன்களில், அதாவது ரோட்டில் படும் ரப்பர் கட்டிகளில், பிளேடால் கீறியது போல நூற்றுக்கணக்கான மெல்லிய கோடுகள் ஓடும். அந்தக் கோடுகள்தான் பனியைக் கவ்வுகின்றன. ஆனால் இளகிய ரப்பரை மே மாத டெல்லி ரோட்டில் ஓட்டினால் சீக்கிரம் தேய்ந்துவிடும், பிரேக்கும் சரியாகப் பிடிக்காது. டெல்லிக்குள் ஓட்ட அது தேவையே இல்லை.

நம் ஊரில் இந்த டயர் எளிதில் கிடைப்பதில்லை. 2020 ஜூன் முதல் வெளிநாட்டு டயர் இறக்குமதிக்கு அரசின் உரிமமும் வேண்டும். அதனால் கடையில் இரண்டு இருந்தால் 'ரெண்டு டயராவது கிடைத்ததே' என்று வாங்கத் தோன்றுகிறது. மச்சினன் விஷயத்திலும் அதுதான் நடந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்கே போய், பார்க்கிங்கில் குத்துக்காலிட்டு, டார்ச் அடித்துப் பார்த்தேன். பின் டயர் ஒன்றின் பக்கச்சுவரில், 'டிஓடி' என்று தொடங்கும் தயாரிப்புக் குறியீட்டின் கடைசியில் 2418 என்று இருந்தது. 2018-ஆம் வருடம் 24-வது வாரம் தயாரானது என்று அர்த்தம். அதன் ஜோடி 1021. ஒரே அச்சில் கிட்டத்தட்ட மூன்று வருட வித்தியாசம்! பஞ்சரில் ஒன்று கிழிந்தபோது கடைக்காரர் கையில் இருந்ததை மாட்டிவிட்டிருக்கிறார். பழைய டயரின் பள்ளத்துக்குள் இருக்கும் குட்டி மேடு கிட்டத்தட்ட பட்டன் மட்டத்துக்கு வந்திருந்தது. அந்த மேட்டின் உயரம் 1.6 மில்லிமீட்டர். சட்டப்படி அதுவரை ஓட்டலாம். பனிக்கு 4 மில்லிமீட்டராவது பள்ளம் வேண்டும். ஒரே அச்சில் இடமும் வலமும் வேறுவேறாக இருந்தால் பிரேக் அடிக்கும்போதே வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஈர ரோட்டில்கூட இது ஆபத்துதான்.

'எம்+எஸ்' என்ற முத்திரையைப் பார்த்தும் பலர் ஏமாந்துபோகிறார்கள். அது சேறு, பனி என்பதைக் குறித்தாலும், பனியில் ஓட்டிச் சோதித்ததற்கான சான்று அல்ல. மூன்று சிகரம் உள்ள மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் வரைந்த சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் பனியில் சோதித்துக் கொடுப்பது. எஸ்யூவிக்காரர்கள் மாட்டுகிற பெரிய பட்டன் வைத்த ஏடி (எல்லா வகை நிலத்துக்குமான) டயரும் பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும், சேற்றில் நன்றாக ஓடும். உறைபனிமேல் அந்தப் பெரிய கட்டிகள் வழுக்கும்.

4x4 வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுப்பது கிளம்புவதற்கு உதவும், நிறுத்துவதற்கு உதவாது. எப்போதும் நான்கு சக்கரமும் இணைந்தே ஓடும் வண்டிகளில் முன்னும் பின்னும் டயரின் சுற்றளவு மாறினால், உள்ளே இருக்கும் பல்சக்கரங்களும் கெடும். அந்தச் செலவு நான்கு டயர் விலையைத் தாண்டிவிடும்.

சரி, இரண்டு டயர்தான் மாற்றப் பணம் இருக்கிறது, சாதாரண ரோட்டுக்குத்தான், என்ன செய்வது? அதே அளவு, அதே வகை டயர் இரண்டை வாங்கிப் பின்னால் போடுங்கள், முன்சக்கரம் இழுக்கும் வண்டியாக இருந்தாலும். முன் டயர் வழுக்கினால் ஆக்சிலேட்டரை விட்டு வேகத்தைக் குறைத்து மீளலாம். பின் டயர் வழுக்கினால் மீள்வது கடினம். கடைக்காரர் முன்னால்தான் போட வேண்டும் என்று சொல்வார், விட்டுக்கொடுக்காதீர்கள்.

காற்றை டெல்லியில் அடித்ததோடு விடாமல், மணாலியில் காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் மறுபடி அளந்து பாருங்கள். குளிர் அழுத்தத்தைக் குறைக்கும், உயரம் மீட்டரில் சற்றுக் கூட்டிக் காட்டும். கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுக்கு அங்கேயே சரிசெய்துகொள்ளலாம்.

மச்சினன் கடைசியில் பனி டயரே வாங்கவில்லை. ஒரே மாதிரி நான்கு சாதாரண டயர் மாட்டினான். வண்டியை மணாலியில் நிறுத்திவிட்டு, அடல் சுரங்கம் தாண்டி சிஸ்ஸு என்ற ஊருக்குப் போக உள்ளூர் 4x4 டாக்ஸி பிடித்தார்கள். பனி பெய்த நாட்களில் டயரில் சங்கிலி கட்டாத சாதாரண கார்களைப் போலீஸ் அந்தப் பக்கம் விடுவதும் இல்லை. அப்புறம், கிளம்புவதற்கு முந்தின நாள் ஸ்டெப்னியையும் இறக்கிப் பார்க்கச் சொன்னேன். அதில் காற்றே இல்லை.