டிக்கெட்டில் 6 மணி நேரம், வானத்தில் 11½

பெரியம்மா சென்னை–லண்டன் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, "காலை 5.30க்குக் கிளம்பி 11.30க்கு இறங்கிடலாமா? ஆறே மணி நேரம்தானா!" என்று பூரித்துப்போனார். பாவம். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். லண்டன் கடிகாரம் குளிர்காலத்தில் நமக்கு 5½ மணி நேரம் பின்னால் ஓடும். அதையும் கூட்டினால் பயணம் 11½ மணி நேரம். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை 4½ மட்டும் கூட்டுங்கள். திரும்பி வரும்போது கூட்டாமல் கழிக்க வேண்டும்.

தூரம் சுமார் 8,200 கி.மீ. இது நேர்கோட்டுக் கணக்கு. சுவர் வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்தால் தப்பாகத்தான் வரும். உலக உருண்டையில் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள், குறுக்கு வழி தெரியும். ஆனால் விமானம் அந்த நூல்மேலேயே பறக்காது. போர் நடக்கும் வான்வெளியைச் சுற்றிப் போனால் நேரம் கூடும். விமானம் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பலமான காற்று வீசுவதால், போவதைவிட வருவது பெரும்பாலும் சீக்கிரம். அதே தூரம்தான், காற்று பின்னாலிருந்து தள்ளிவிடுகிறது!

டிக்கெட் தேடும்போது சென்னை விமான நிலையத்தின் குறியீடு எம்.ஏ.ஏ. (மெட்ராஸ் இன்னும் அங்கே உயிரோடு இருக்கிறது), லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்துக்கு எல்.எச்.ஆர்.

முக்கியமாக, இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் '+1' இருந்தால் மறுநாள் என்று அர்த்தம். அதைக் கவனிக்காமல் என் மச்சான், வருபவரை அழைத்துவர ஒருநாள் முன்னாடியே மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குப் போய், காப்பி குடித்துவிட்டுத் திரும்பி வந்தார்.