மட்குத் தொட்டியில் நாற்றம் வராமலிருக்கச் சருகு மூடாக்கு

மட்குத் தொட்டிக்கு அருகில் ஒரு சாக்கு நிறையக் காய்ந்த இலைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு, சமையலறைக் கழிவைக் கொட்டும் ஒவ்வொரு முறையும் அதைப்போல் இரண்டு அல்லது மூன்று மடங்கு சருகை மேலே பரப்பி மூடிவிட்டால், துர்நாற்றமும் ஈக்களும் பெருமளவு குறைந்துவிடும். காய்கறித் தோலில் ஈரமும் நைட்ரஜனும் மிகுதி, சருகில் கார்பன் மிகுதி. நுண்ணுயிர்கள் சீராக இயங்க நைட்ரஜன் ஒரு பங்குக்குக் கார்பன் ஏறத்தாழ 25 முதல் 30 பங்கு தேவைப்படுவதாலும், சருகுகளின் இடைவெளி வழியே காற்று உட்புகுவதாலும், குவியல் அழுகாமல் மட்குகிறது. அழுகுவதும் மட்குவதும் ஒன்றல்ல.

ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு நீரே கசிய வேண்டும். அதுவும் கசியாமல் உதிரும் குவியலுக்குச் சருகு வேண்டாம், தண்ணீர் தெளித்தால் போதும். இறைச்சி, மீன், எண்ணெய்ப் பண்டங்களுக்கு இந்த மூடாக்கு பயன்படாது.