வெறும் டிஸ்க்கிலிருந்து சேர்வரை எழுப்புவது

2020 டிசம்பர் 2 இரவு, புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியபோது உப்புவெளியில் எங்கள் பாமசிக் கூரையின் ஓடுகள் நாலைந்து பறந்துவிட்டன. பில் மென்பொருள் ஓடும் லினக்ஸ் சேர்வரும் அதன் பிரதி இருந்த பேக்கப் டிஸ்க்கும் ஒரே மேசையில் இருந்தன. இரண்டுமே நனைந்து போயின. கந்தளாயில் அக்கா வீட்டு அலமாரியில் ஒரு மாதத்துக்கு முந்தைய பிரதி கிடந்ததால் தப்பினோம். ஆனால் அதிலிருந்து சேர்வரை ஓடவைக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது. நோயாளிகள் மருந்துத் துண்டோடு வாசலில் நின்ற அந்த இரண்டு நாள் வேறு யாருக்கும் வரக்கூடாது.

பிரதி எடுப்பது பெரிய வேலை இல்லை. எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கட்டும் டார் (tar), அப்படியே நகலெடுக்கும் ஆர்சிங்க் (rsync), எதுவானாலும் சரி. ப்ராக், சிஸ், டெவ், ரன் (/proc, /sys, /dev, /run) அடைவுகளுக்குள் இருப்பதை விட்டுவிடுங்கள். சிஸ்டம் எழும்போது அவை தானாக உண்டாகும். தரவுத்தளமான மைஎஸ்கியூஎல் (MySQL) ஓடிக்கொண்டிருக்கையில் அதன் கோப்புகளை நகல் எடுத்தால் பாதி எழுதிய நிலையில் மாட்டும். மைஎஸ்கியூஎல்டம்ப் (mysqldump) கட்டளையால் தரவைத் தனிக் கோப்பாக எடுத்துவிட்டு அப்புறம் டார் போடுங்கள். டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லும் பார்ட்டிஷன் அட்டவணையை எஸ்எஃப்டிஸ்க் (sfdisk) கட்டளையால் ஒரு கோப்பாக எடுத்து, தாளில் அச்சடித்தும் வையுங்கள். டிஸ்க் இரண்டு வேண்டும், ஒன்று எப்போதும் ஊருக்கு வெளியே. இங்கே உப்புக்காற்று எதையும் அரித்துவிடும். ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு இறுக்கமான டப்பாவில் போடுங்கள்.

திரும்பக் கொண்டுவருவதில்தான் கவனம் வேண்டும். லினக்ஸை நேரடியாக ஓடவைக்கும் லைவ் யூஎஸ்பியில் பூட் செய்து, அந்த அட்டவணையைப் புது டிஸ்க்கில் எழுதி, ஃபைல் சிஸ்டம் அமைத்து மவுண்ட் செய்யுங்கள் (ஓர் அடைவோடு இணையுங்கள்). டாரை விரிக்கும்போது கோப்பின் உரிமையாளரைப் பெயரால் அல்லாமல் எண்ணால் பொருத்தும் நியூமெரிக் ஓனர் (--numeric-owner) தெரிவைக் கட்டாயம் கொடுங்கள். இல்லாவிட்டால் டார் உரிமையாளரின் பெயரை லைவ் யூஎஸ்பியின் பயனர் பட்டியலில் தேடும். அதே பெயருக்கு அங்கே வேறு எண் இருந்தால் கோப்புகள் தவறான கைக்குப் போய்விடும். நான் இதில் ஒரு பகல் முழுக்க இழந்தேன்: மைஎஸ்கியூஎல் தன் சொந்தக் கோப்புகளையே திறக்க மறுத்தது.

புது ஃபைல் சிஸ்டத்துக்குப் புது யூயூஐடி (UUID, அதன் அடையாள எண்) வரும். பிஎல்கேஐடி (blkid) கட்டளையால் அதைப் பார்த்து, எழும்போது எவற்றை மவுண்ட் செய்வது என்று குறிக்கும் எஃப்எஸ்டேப் (/etc/fstab) கோப்பில் பழையதை மாற்றுங்கள். மறந்தால், இல்லாத டிஸ்க்குக்காகச் சிஸ்டம் காத்திருந்து, முழுதாக எழாமல் நின்றுவிடும். பிறகு டெவ், ப்ராக், சிஸ் மூன்றையும் லைவ் யூஎஸ்பியிலிருந்து புது டிஸ்க்கின் அதே அடைவுகளோடு பைண்ட் மவுண்ட் செய்து (இணைத்து), சிஎச்ரூட் (chroot) கட்டளையால் புது டிஸ்க்கின் சிஸ்டத்துக்குள் போய், கணினியை எழுப்பும் நிரலான க்ரப்பை (GRUB) நிறுவி, அதன் கன்ஃபிகரேஷனையும் புதிதாக உருவாக்குங்கள். யூஇஎஃப்ஐ (UEFI, புதிய வகைத் தொடக்க முறை) கணினி என்றால் அதற்கு முன்பே, தொடக்கக் கோப்புகள் இருக்கும் ஈஎஃப்ஐ பார்ட்டிஷனும் மவுண்ட் ஆகியிருக்க வேண்டும்.

இப்போது ஒவ்வொரு ஒக்டோபரும், மாரி தொடங்குமுன், ஒரு பழைய டிஸ்க்கில் இதை முழுதாகச் செய்து பார்க்கிறேன். லொகின் திரை வந்ததும் எழுந்துவிடுவதில்லை. பில் மென்பொருளைத் திறந்து, கடைசி பில் இலக்கம் பிரதி எடுத்த அன்று கொப்பியில் குறித்ததோடு பொருந்துகிறதா என்று பார்த்த பிறகுதான் டிஸ்க்கைக் கழற்றுவேன்.