கர்ப்பகாலத்தில் கொக்கிப்புழு: வன்னித் தாய்மார் கவனிக்க வேண்டியவை

கர்ப்பவதி ஒருவர் களைத்துச் சோர்ந்தால், "வயிற்றில் பிள்ளை இருக்கிறது, அப்படித்தான் இருக்கும்" என்று ஆறுதல் சொல்வது எங்கள் ஊர்களில் வழமை. அந்தக் களைப்புக்குக் குருதிச்சோகை காரணமாக இருக்கலாம். குருதிச்சோகைக்குக் கொக்கிப்புழு காரணமாக இருக்கலாம். இந்தப் புழு தாயின் சிறுகுடற் சுவரைக் கவ்விக்கொண்டு நாள்தோறும் சிறிது சிறிதாகக் குருதியை உறிஞ்சுகிறது. பிள்ளையை அது நேரே தொடாவிட்டாலும், தாய்க்குச் சோகை கடுமையானால் பிள்ளை நிறை குறைந்தோ காலத்துக்கு முந்தியோ பிறக்கக்கூடும்.

மலத்துடன் நிலத்தில் சேரும் முட்டைகள், ஈரமும் நிழலும் உள்ள மணலில் ஓரிரு நாளில் பொரித்து, ஒரு வாரமளவில் மனிதத் தோலைத் துளைக்கவல்ல குடம்பிகளாக, அதாவது இளம் புழுக்களாக, மாறுகின்றன. ஆகவே, சிறுபிள்ளைகள் வெளிக்கிருக்கும் வேலியோரமும் கிணற்றுத் தண்ணீர் வழிந்தோடும் வாழையடியும் முதலில் துப்புரவாக்க வேண்டிய இடங்கள். பிள்ளைகளையும் மலசலகூடத்துக்குப் பழக்க வேண்டும். கச்சான் பிடுங்கப் போகும் பெண்கள் செருப்பைத் தோட்டக்கரையிலே கழற்றி வைத்துவிட்டு இறங்குகிறார்கள். மணலில் செருப்புடன் நடப்பது சிரமம் என்பது உண்மைதான். ஆனாலும் கர்ப்பகாலத்திலாவது மூடிய சப்பாத்து அணிந்தே இறங்க வேண்டும். கால் விரலிடுக்கில் சிவந்த சிறு பருக்கள் தோன்றிக் கடுமையாக அரித்தால், சேற்றுப்புண் என்று விட்டுவிடாமல் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டுங்கள்.

பூச்சிக் குளிசையை முதல் மூன்று மாதங்களில் எடுக்கக்கூடாது. அதன் பின்னர் கிளினிக்கில் தரப்படும் மெபெண்டசோல் 500 மில்லிகிராம் குளிசையை ஒரே தடவையில் எடுக்க வேண்டும். பிள்ளைக்கு ஏதும் ஆகிவிடுமோ என்ற பயத்தில் அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்து எறிந்துவிடும் தாய்மாருக்காகவே இதை அழுத்திச் சொல்கிறேன். கர்ப்பம் என்று தெரியாமல் முன்னரே எடுத்திருந்தால் பதறாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். வேப்பிலைச் சாறு, பப்பாசி விதை போன்ற கைமருந்துகள் கர்ப்பத்துக்குப் பாதுகாப்பானவை என்று உறுதிப்படுத்தப்படவில்லை, அவற்றைத் தவிருங்கள்.

புழு போனாலும் இழந்த குருதி தானாகத் திரும்பாது. ஈமோகுளோபின் ஒரு டெசிலீற்றருக்கு 11 கிராமுக்குக் குறைந்தால் அது சோகை. இரும்புச்சத்துக் குளிசையைத் தேநீருடனோ கல்சியக் குளிசையுடனோ சேர்த்து எடுத்தால் உடலில் சேரும் இரும்பு குறைந்துவிடும்; தேசிக்காய்த் தண்ணீருடனோ கொய்யாப்பழத்துடனோ எடுப்பது நல்லது. குளிசையால் மலம் கறுப்பது இயல்பு. ஒழுங்காக எடுத்தும் ஈமோகுளோபின் ஏறாவிட்டால், மலப்பரிசோதனை தேவையா என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

டொக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி வேறு வகை. ஒரு தாய்க்கு அது முதன்முதலாகக் கர்ப்பகாலத்தில் தொற்றினால், சூல்வித்தகத்தை (நச்சுக்கொடியை) கடந்து பிள்ளையின் கண்ணையும் மூளையையும் பாதிக்கக்கூடும். சரியாக வேகாத இறைச்சியாலும் பூனையின் மலம் கலந்த மண்ணாலும் அது தொற்றும். ஆகவே எந்த இறைச்சியானாலும், உட்பகுதியில் சிவப்பு மாறும்வரை நன்றாக வேக வேண்டும். வல்லாரைச் சம்பலுக்கு எடுக்கும் இலைகளை, பூனைகள் புழங்கும் மண்ணில் பறித்தவையானால் இன்னும் கவனமாக, ஓடும் தண்ணீரில் பலமுறை கழுவுங்கள். பூனையின் மலத்தை வீட்டில் வேறொருவர் அகற்றட்டும்.

மலேரியா ஒரு காலத்தில் வன்னியை வாட்டிய நோய். 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் இந்தியாவிலிருந்தோ ஆபிரிக்காவிலிருந்தோ திரும்பிய கர்ப்பவதிக்குக் காய்ச்சல் வந்தால், எந்த நாட்டில் இருந்தார், எப்போது திரும்பினார் என்பதை வைத்தியர் கேட்கும் முன்னரே சொல்லி, அன்றே குருதிப் பரிசோதனை செய்விக்க வேண்டும்.