ராஜினாமா கேட்கும் மேனேஜரிடம்

மேனேஜர் வாய்மொழியாகச் சொன்ன வேலையை அன்றே மெயிலில் திருப்பி எழுதுங்கள்: ‘4 மணிக்குப் பேசியபடி வெள்ளிக்குள் ரிப்போர்ட் தருகிறேன், டெஸ்டிங் திங்களுக்குத் தள்ளிப்போகும்.’ புகார் தொனி வேண்டாம். அப்ரைசலில் ‘நான் அப்படிச் சொல்லவில்லையே’ என்பவருக்கு இதுதான் பதில்.

ஆள்குறைப்புப் பேச்சு கிளம்பினால் பே ஸ்லிப், ஃபார்ம் 16 (சம்பளத்தில் வரி பிடித்ததற்கான சான்று), ஆஃபர் லெட்டரைச் சொந்தக் கணினியில் இறக்கி வையுங்கள். லாகின் முடங்கிய பிறகு ஹெச்ஆரிடம் கெஞ்ச வேண்டியிருக்கும். கிளையன்ட் கோப்பு பக்கம் மட்டும் கை போகக் கூடாது, உங்களை வெளியேற்ற நிறுவனத்துக்கு அதுவே சாக்கு. பிஎஃப் கணக்கில் சொந்த மொபைல் எண் இருக்கிறதா பாருங்கள். கணக்கில் நுழைய ஓடிபி அதற்கு வரும்.

‘நீங்களே ராஜினாமா கொடுத்துவிடுங்கள்’ என்று அறைக்குள் அழைத்துச் சொன்னால் அங்கேயே கையெழுத்துப் போடாதீர்கள். இரண்டு நாள் அவகாசத்தை மெயிலில் கேளுங்கள். ராஜினாமா என்று தாளில் விழுந்துவிட்டால் பிறகு வேலைநீக்கம் என்று வாதாடுவது கடினம். நோட்டீஸ் சம்பளம், 5 ஆண்டு முடித்திருந்தால் கிராஜுவிட்டி (பணிக்கொடை): தொகை எழுத்தில் வந்த பிறகு பேனா எடுங்கள்.